வருமானச் சான்றும் தாய்மாமன் சீரும்

கோர்ட்டு ஆள் வந்தபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். சம்மன் இரண்டு. ஒன்று என் பேருக்கு, இன்னொன்று என் மனைவி பேருக்கு. அவள் அந்நேரம் மீன் கூடையோடு தெருவில் இருந்தாள். அவளுடையதையும் நானே வாங்கிக்கொண்டேன். ஆள் போன பிறகு மறுபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை படித்ததில் புரிந்தது இவ்வளவுதான். வீட்டுக்காரர் மகன் கேஸ் போட்டிருக்கிறார். நாங்கள் வாடகை கொடுக்காமல் வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறோமாம். காலி பண்ண வேண்டுமாம். தேதிக்கு வராவிட்டால் அவர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடுவார்களாம்.

வீடு என்றால் டவுனில், கடற்கரைக்குப் பின்னால், ஒரு சந்தில் ஒரு அறை. பக்கத்தில் அடுப்படி. மேலே ஓடு. வீட்டுக்காரர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர். என் மனைவி அவருக்கு மீன் கொடுத்துப் பழக்கம். அவளை நம்பித்தான் வீட்டைக் கொடுத்தார். மாதம் பிறந்தால் வாடகையை அவளே கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். அவர் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வார். ரசீது கிடையாது. நாங்கள் கேட்டதும் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று கூட நினைத்ததில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவர் செத்துப்போனார். மகன் பிரான்ஸிலிருந்து காரியத்துக்கு வந்தார். வாடகையை இனிமேல் யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்றார். அப்புறம் சொன்னது இதுதான்.

எனக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. பெரிய கட்டியை மிஷினில் தள்ளுவது, உடைந்ததைப் பெட்டியில் வாருவது. கடலிலிருந்து படகு வந்தால் வேலை. வராவிட்டால் இல்லை. மனைவி கடலோரத்துப் பிள்ளைச்சாவடிக்காரி. அவள் அம்மா வீட்டைக் கடல் தின்றுவிட்டது. முதலில் வேலி போனது, அப்புறம் தென்னை, அப்புறம் சுவர். எனக்கும் எங்கேயும் ஒரு பிடி மண் கிடையாது. இந்த வீட்டை விட்டால் போக இடமில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தரம் கோர்ட்டு அமீனா மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு குடும்பத்தைக் காலி பண்ணவைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாமானையெல்லாம் தெருவில் வைத்தார்கள். கட்டில், டிவி, ஈரத் துணி. அதில் ஒரு சோற்றுப் பானை. மூடி இல்லை. சோறு பாதி வெந்திருந்தது. கொதிக்கும்போதே இறக்கியிருக்கிறார்கள். ஆவி போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் நின்று அதைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

சம்மன் வந்த நாளிலிருந்து அந்தப் பானைதான் கண்ணில் நின்றது. சந்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பேன். வேலையில் ஐஸ் கட்டி இரண்டு தரம் கை நழுவி விழுந்தது. கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். தூக்கமில்லை என்றேன்.

மனைவியிடம் என் பேரில் கேஸ் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் பேரும் இருப்பதைச் சொல்லவில்லை. பொம்பளை பேரைக் கோர்ட்டில் சத்தம் போட்டுக் கூப்பிடுவது எங்கள் ஆட்களுக்குப் பெரிய அவமானம். வீட்டு ஆம்பளை நான். நான் போய் நின்றால் போதும் என்று இருந்தேன். அவளுடைய சம்மனை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

வக்கீல் வைக்க வழியில்லை. கோர்ட்டுக்கு எதிரே டீ போடுகிறவர்தான் சொன்னார், உள்ளே இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்கிறது, வக்கீல் சும்மாவே கொடுப்பார்கள் என்று. போனேன். மேசையில் ஒரு அம்மா இருந்தார்கள். என் சம்மனை நீட்டினேன்.

"கேஸ் யார் மேல ஐயா?"

"என் மேல."

"நீங்க எஸ்.சி., எஸ்.டி.யா?"

"இல்லம்மா. மீனவருங்க."

"உடம்புல ஊனம் ஏதாவது?"

இடது கையைக் காட்டினேன். "இந்த வெரலு ஐஸ் மிஷின்ல போச்சு."

அந்த அம்மா பார்த்துவிட்டு, "இது பத்தாது ஐயா" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. "அப்போ உங்களுக்கு வருமானம் பாப்பாங்க. அரசாங்கம் வெச்ச அளவுக்குள்ள இருந்தாத்தான் வக்கீல் தர முடியும்."

"ஏழைங்களுக்குத் தர்ற செவப்பு ரேஷன் கார்டு இருக்கும்மா."

"அதையும் வைங்க. ஆனா தாலுக்கா ஆபீஸ்ல வருமானச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. தேதிக்கு முன்னாடி."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏழை என்று காட்ட வேண்டும் என்பதே பயமாக இருந்தது. காட்டாமல் இருக்கத்தான் இத்தனை வருடம் பழகியிருந்தேன். சட்டையைத் துவைத்து மடித்துப் போடுவது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காராமல் இருப்பது, எல்லாம் அதற்குத்தான்.

மனு எழுதிக் கொடுத்தேன். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்றார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அந்த வாரம்தான் என் தங்கச்சி பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தங்கச்சியைத் தவளக்குப்பத்தில் கொடுத்திருக்கிறது. சம்மன் வருவதற்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது. நான்தான் தாய்மாமன். சீர்த் தட்டு நான் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் பக்கம் அது எப்படியென்றால், மாமன் ஒருத்தனே எல்லாம் வாங்க மாட்டான். சொந்தக்காரர் ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவார்கள். கூட வேலை செய்கிறவர்களும் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் மாமன் வீட்டு வாசலில் வரிசையாக வைப்பார்கள். வாசலை விட்டு இறங்கினால் அத்தனையும் மாமன் சீர். எந்தத் தட்டு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மாமனுக்கு மரியாதை இல்லை. நாளைக்கு அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் நான் ஒரு தட்டு கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைப்பேன். அது அவர்கள் சீர் ஆகிவிடும்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வேலை முடிந்து வருகிறேன். சந்து முனையில் பேனர் கட்டியிருந்தது. ஐஸ் கம்பெனிப் பையன்கள் வேலை. ஒரு பக்கம் தங்கச்சி பெண். இன்னொரு பக்கம் நான். தலை மட்டும் என்னுடையது. உடம்பு யாருடையதோ. கோட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் தங்கக் காப்பு. பின்னால் வெள்ளைக் கார். மேலே, தாய்மாமன் சீர் வருகுது, தள்ளி நில்லு என்று எழுதியிருந்தது.

ஐந்தாறு பேர் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா இது?"

"மாமா, காரு எப்டி? பேனர்காரன் ஹெலிகாப்டர் கூட வெச்சித் தரன்னான். நாங்கதான் மாமா அடக்கமான ஆளுன்னு சொல்லிட்டோம்."

"கழட்டுங்கடா."

"இன்னா மாமா."

"கழட்டுங்க. வி.ஏ.ஓ. வரப் போறாரு."

"வரட்டும். சாப்ட்டுப் போவட்டும்."

"டேய், சொன்னாக் கேளு."

அவர்களில் மூத்தவன் கொஞ்சம் யோசித்தான். "பொண்ணு மூஞ்சி இருக்குது மாமா. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி கழட்னா நல்லால்ல."

அது சரிதான். அந்த முகத்தை நான் எப்படிக் கிழிப்பேன். வி.ஏ.ஓ. நாளைக்கே வர மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்தார்.

வாசலில் தட்டெல்லாம் வைத்தாகிவிட்டது. பழம், பூ, பலகாரம், பட்டுப்புடவை, சின்னப் பெட்டியில் செயின், வெள்ளிக் கொலுசு. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். தங்கச்சி புருஷனும் அவர் அண்ணனும் எங்களை அழைத்துப்போக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். சந்து முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கையில் ஃபைல் வைத்திருந்தவர் இறங்கிப் பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கிட்டே வந்து, "இது நீங்கதானா?" என்றார்.

"ஆமா சார்."

"காரு எங்க?"

"பேனர்லதான் சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. வீட்டை எட்டிப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். அப்புறம் தட்டு வரிசையைப் பார்த்தார்.

"இதெல்லாம் யார் வாங்கனது?"

மேளக்காரர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேளத்தை நிறுத்திவிட்டார். தங்கச்சி புருஷன் என்னையே பார்த்தார். அவர் அண்ணனும் பார்த்தார். அந்தப் பானை ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்" என்றேன்.

"அந்தப் புடவை?"

"நான்தான் சார்."

"செயினு?"

"எல்லாம் என் சீரு சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் வருமானச் சான்றுக்குக் கேக்கறேன். வேற யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?"

இரண்டாவது தரமும் கேட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும். என் மச்சான்மார் இரண்டு பேரும் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். என் தங்கச்சி அந்த வீட்டில் இன்னும் எத்தனையோ வருடம் சோறு தின்ன வேண்டும்.

"என் தங்கச்சி பொண்ணுக்கு என் சீரு சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மேளம் அடித்தார்கள். பூத் தட்டை என் தலையில் வைத்தார்கள். தவளக்குப்பம் மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்று சீரைப் பார்த்தார்கள். தங்கச்சி அழுதது.

தேதிக்குச் சில நாள் இருக்கும்போது தாலுக்கா ஆபீஸில் சொன்னார்கள். விசாரித்ததில் என் வருமானம் சட்ட உதவிக்கு உள்ள அளவுக்கு மேல் இருப்பதாகத் தெரிகிறதாம். வேண்டுமென்றால் மறுபடி மனு போடலாமாம். அதற்குள் தேதி வந்துவிடும். நான் சரி சார் என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேலயா? இன்னா மேல? ஓடு மேலயா?"

"தட்டெல்லாம் பாத்துட்டாரு."

"நீ இன்னா சொன்ன அவருகிட்ட?"

"என்னுதுன்னு சொன்னேன்."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "செயினு எங்கண்ணன் போட்டது. பொடவ ஐஸ் பசங்க எடுத்தது. கொலுசு என் தங்கச்சி. உன்னுது ஒரு தட்டுப் பழம். அதுவும் நான் வாங்கனது."

"தங்கச்சி வூட்டு மச்சான் எதிர்ல உக்காந்திருந்தாரு."

"மச்சான் வந்து கோர்ட்ல நிப்பாரா?"

நான் கவிழ்த்த கூடையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

"நாளைக்கு நம்ம பானைய வெளிய வெக்கும்போது, இது மாமன் வூட்டுப் பானைன்னு மேளம் அடிப்பாரா?"

அவளும் அந்தப் பானையைப் பார்த்திருக்கிறாள். அதுவரை எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே பானையை நினைத்துக்கொண்டு ஒரே அறையில் படுத்திருந்திருக்கிறோம்.

எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சம்மனை எடுத்து வந்தேன்.

"உன் மேலயும் இருக்குது" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "என் பேர எப்டிப் போட்ருக்கான்? படி" என்றாள். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"வாடக குடுத்தவ நானு. கேஸ் என் மேல போட்டது சரிதான். நீ எதுக்கு நடுவுல போயி நின்ன?"

மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு என்கூட வந்தாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்றேன். வாசனை பார்த்தா கேஸ் நடத்தறாங்க என்றாள். கூடையை டீக்கடையில் வைத்துவிட்டு உள்ளே போனோம்.

மேசை அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "சான்று வந்துடுச்சா ஐயா?"

"இல்லம்மா. அளவுக்கு மேலன்னுட்டாங்க."

"அய்யோ. இவங்க?"

"என் சம்சாரம். இது பேர்லயும் ஒண்ணு வந்துது."

அவர்கள் இரண்டாவது சம்மனை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "இத அன்னிக்கே குடுக்கக் கூடாதா ஐயா? நான் வேற மேல் தாள மட்டும் பாத்துட்டு அனுப்பிட்டேன். பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்க மாட்டோம்."

என் காதில் விழுந்தது சரியா என்று தெரியவில்லை.

"பாக்கவே மாட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"மாட்டோம்மா. எவ்ளோ வசதி இருந்தாலும் பொம்பளைங்கன்னா வக்கீல் உண்டு."

"அப்போ இவுரு அந்தக் கார்லயே வந்து எறங்கியிருக்கலாம்" என்றாள்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. என் மனைவி பேனர் கதையைச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் வரைக்கும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை. இன்னும் ஏதாவது கேட்பார்கள், ஏதாவது இல்லை என்பார்கள் என்று காத்திருந்தேன். மனுவில் அவள் கையெழுத்து வாங்கினார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வக்கீல் சின்ன வயதுப் பெண். என் மனைவியிடம் நிறையக் கேட்டார். வாடகையை எங்கே வைத்துக் கொடுப்பீர்கள், யார் பார்த்தார்கள், வீட்டுக்காரர் என்ன சொல்வார். இவள் ஒன்று விடாமல் சொன்னாள். மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் வாங்குவார். எதிர்வீட்டில் தையல்காரர் பார்ப்பார். வேலைக்கார அம்மா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். சூரை மீன் கொண்டுபோனால் திட்டுவார். இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு ஆகும் என்று தெரியாது.

கடைசியில் நான் கேட்டேன். "அப்போ எனக்கு மேடம்?"

"உங்களுக்குத் தனியா வக்கீல் இல்ல ஐயா. ஆனா ஒரு வழி இருக்கு. அம்மாவுக்கு நான் பதில் போடறேன். அதையே என் பதிலா ஏத்துக்கறேன்னு நீங்க எழுதிக் குடுத்துடலாம். ஜட்ஜு கேட்டா அத மட்டும் சொல்லுங்க. மேல ஒரு வார்த்த பேசாதீங்க."

"அதுக்கு ஒண்ணும் பயமில்ல மேடம்" என்றாள் என் மனைவி. "அவுரு வருஷத்துக்கு ஒரு தரம்தான் பேசுவாரு. இந்த வருஷத்துது வி.ஏ.ஓ. கிட்டப் பேசி முடிச்சிட்டாரு."

தேதி வந்தது. கோர்ட்டு வராந்தாவில் நின்றோம். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கட்டு கட்டாகத் தாள். அதில் அந்தப் பேனர் படம் இருக்கும் என்று எனக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது. பேனரை விசேஷம் முடிந்த அன்றே பையன்கள் கழற்றிவிட்டார்கள். பெண் முகம் இருந்த பக்கத்தை வெட்டித் தங்கச்சிக்குக் கொடுத்தாகிவிட்டது. என் பக்கம் ஐஸ் பெட்டிமேல் மூடக் கிடக்கிறது. கார் தெரியாமல் குப்புறப் போடச் சொல்லியிருந்தேன். ஆனாலும் யாராவது படம் எடுத்திருப்பார்கள். இப்போது எல்லார் கையிலும் ஃபோன்.

டவாலி வெளியே வந்து பேரைக் கூப்பிட்டார். முதலில் என் பேர். அடுத்து என் மனைவி பேர். வராந்தா முழுக்கக் கேட்டது. நான் இதற்குத்தான் பயந்திருந்தேன். அவள் தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பின்னால் நான் போனேன்.

வக்கீல் எழுந்து அவளுக்காகத் தாள் கொடுத்தார். ஜட்ஜ் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு வக்கீல் இருக்காரா?"

"இல்லைங்க."

"உங்க பதில் என்ன?"

எதிர்வக்கீல் ஒரு தாளைப் புரட்டினார். இப்போது எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். முன்னால் இருந்த தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விரல் போன கை வழுக்கியது.

"அவங்க சொல்றதுதாங்க என் பதில்."

"அவங்கன்னா?"

"என் சம்சாரம். வாடக குடுத்தது அவங்கதான். எனக்கு வேற பதில் இல்லைங்க."

எழுதிக்கொண்டார். அடுத்த தேதி கொடுத்தார்கள். அவ்வளவுதான். எதிர்வக்கீல் புரட்டியது வேறு யாருடைய கேஸோ. வெளியே வந்து டீக்கடையில் கூடையை எடுத்துக்கொண்டோம். அவள் ஒன்றும் கேலி பண்ணவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. தையல்காரர் சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார். ஜெயிக்குமா என்று வக்கீலிடம் கேட்டேன். பாக்கலாம் ஐயா என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே கொஞ்சம் தைரியமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

கோர்ட்டுக்குப் போய்வந்த அன்றைக்கு அவள் உலை வைத்தாள். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். நான் எழுந்து போய்ப் பானையை மூடினேன்.

வண்டி பக்கத்து வீட்டுக்கு வந்தது. பொங்கி வழியப் போகுது, மூடிய எடு என்றாள் அவள். எடுத்தேன்.